வளைவில் வண்டியை மறிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலையில் நேராக நீளும் இடம் குறைவு. வளைவும் ஏற்ற இறக்கமும்தான் அதிகம். இப்படிப்பட்ட சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தப் போலீசார் நிற்பது அவசியம். ஆனால் வளைவு முடியும் இடத்திலோ இறக்கத்தின் அடியிலோ நின்று திடீரென்று கைகாட்டினால், தடுக்க வந்த விபத்தே அங்கு நடந்துவிடும்.

60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கைகாட்டுவதைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி பிடிக்கும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் நிற்க மேலும் 20 மீட்டர், நனைந்த சாலையில் 35 மீட்டர் தேவை. நமக்கோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. பின்னால் பாறைக்கல் ஏற்றிய டாரஸ் எனும் பல சக்கரக் கனரக லாரி வந்தால் அதற்கு இந்தத் தூரமும் போதாது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆகவே இரு பக்கமும் குறைந்தது 100 மீட்டர் பார்வை கிடைக்கிற, வண்டியை முழுதாக ஓரங்கட்ட இடமுள்ள பகுதியில்தான் சோதனை நடக்க வேண்டும். இரவில் ஒளிரும் மேல்சட்டையும் சிவப்பு விளக்குத் தடியும் கட்டாயம் வேண்டும்.

வேகத்தை அளப்பவர் ஓரிடத்திலும் நிறுத்துபவர் 250 மீட்டராவது தள்ளியும் நிற்பதே சரியான முறை. ரேடார் கருவியின் கதிர் தூரம் போகப் போக விரியும். நாலைந்து வண்டிகள் சேர்ந்து வந்தால் காட்டும் எண் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. லேசர் கருவிக்கு அந்தச் சிக்கல் குறைவு. சாலையோரத்திலிருந்து சாய்வாக அளந்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும்: 20 டிகிரி சாய்வில் 60 என்பது 56 ஆகத் தெரியும். கண்ணால் பார்த்து "வேகமாக வந்தாய்" என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவியின் அளவு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 183ஆவது பிரிவே சொல்கிறது. கேமரா வைத்தால் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், கருவிக்கான ஒப்புதல் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ விதி. ஊருக்குள் வேக வரம்பைக் குறைத்தால் அதற்கும் பலகை தேவை. அந்தப் பலகையை வாழ்த்து பேனர் மறைத்து நின்றால் அபராதம் எப்படி நியாயமாகும்?

வேகம் மட்டும் மீறியவருக்கு வண்டி எண்ணை வைத்தே அபராதம் அனுப்பலாம். இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) விவரமும் எண்ணைத் தட்டினாலே கிடைத்துவிடும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள உரிமமும் செல்லும். காலை ஒன்பது மணி நெரிசலில் இதற்காக வரிசையாக நிறுத்துவதால் சாலைதான் அடைபடுகிறது.

மேலே போகவிட்டால் ஆபத்து என்ற வண்டியைத்தான் கட்டாயம் நிறுத்த வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுபவர், பள்ளிப்பிள்ளைகளைத் திணித்துச் செல்லும் ஆட்டோ, பிரேக் லைட் எரியாத லாரி, பைக் ஓட்டும் சிறுவன், அளவுக்கு மீறிக் கல்லும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஏற்றிக் கேரள எல்லை தாண்டும் டாரஸ் எல்லாம் இந்த வகை. கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 ரூபாய். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு அனுப்பினால் பயனே இல்லை. கூடுதல் சுமையை அங்கேயே இறக்க வைக்க வேண்டும். சபரிமலை சீசனில் இரவெல்லாம் ஓட்டி வரும் வேன் டிரைவருக்கு வேண்டியது ரசீது அல்ல. முகம் கழுவத் தண்ணீரும் அரைமணி நேர உறக்கமும்.

நிற்காமல் போகும் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பதும், குறுக்கே பாய்வதும், விரட்டுவதும் வேண்டாம். ஹெல்மெட் போடாதவர் விழுந்தால் தலையில்தான் அடிபடும். எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். சீருடையில் உள்ள போலீஸ் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டியது ஓட்டுநரின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 130ஆவது பிரிவு. சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

மாவட்டக் காவல்துறையும் நெடுஞ்சாலைத்துறையும் சேர்ந்து, ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் இரண்டு மூன்று பாதுகாப்பான இடங்களைத் தேர்ந்து, வெள்ளைக்கோடு போட்டு, அங்கு மட்டும் சோதனை நடத்த உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சாலைப் பாதுகாப்பில் அக்கறையுள்ள வாசகர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.