பாரி சாண்டர்ஸை மறக்க முடியுமா

ஆசிரியருக்கு வணக்கம். பந்த கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பாக்குற பழைய ரசிகர்கள் நாலு பேர் கூடினா பேச்சு கடைசில பாரி சாண்டர்ஸ்கிட்டதான் போய் நிக்கும். 1988ல ஒக்லஹோமா ஸ்டேட் காலேஜ் டீமுக்கு 11 மேட்ச்ல பந்தோட 2,628 யார்டு ஓடினாரு, அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் அதே டீம்ல தர்மன் தாமஸுக்கு பேக்கப்பா இருந்தவரு, ஆள் குள்ளம் வேற, நாலு பேர் மடக்கினாலும் வழுக்கிட்டு போயிருவாரு. காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்குற ஹெய்ஸ்மன் டிராபியும் அந்த வருஷமே. சீசன் முடிஞ்சப்புறம் நடக்குற பவுல் மேட்ச்ல ஒண்ணான ஹாலிடே பவுல்ல வயோமிங் டீம போட்டு வெளுத்தாரே, 222 யார்டு, 5 டச்டவுன் (பந்தோட எல்லைக்கோட்ட தாண்டி எடுக்குற ஸ்கோர்), அது அந்த 2,628 கணக்குலயே வராது, அப்போ பவுல் மேட்ச சேர்க்க மாட்டாங்க, இப்போ சேர்க்குறாங்க, இது என்ன நியாயமோ! டச்டவுன் போட்டா ஆட்டம் பாட்டமெல்லாம் கிடையாது, பந்த ரெஃப்ரி கையில குடுத்துட்டு நடையக் கட்டுவாரு. இவர பத்தி விளையாட்டுப் பக்கத்துல ஒரு நாள் பெருசா எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரசிகன்