தொண்டை கட்டிய கதை

அன்புள்ள மச்சான்,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். ஏழு மாதமாக எழுதாததற்கு மொத்தமாகத் திட்டிவிடு. எனக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் தொண்டை கட்டி, மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். (சிரிக்கிறாய், தெரியும்.) வேறு வழியில்லாமல் வீட்டு ஜெபக்குழுவை நம் கடைசி நாற்காலி அக்காவிடம் ஒப்படைத்தேன். நான்கு வருடத்தில் ஆமென் தவிர அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

அக்கா வேதபகுதியை வாசித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் சும்மா இருந்துவிட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் பைபிள் உறையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். குரல் இருந்திருந்தால் பத்தாவது நொடியில் நானே பதிலைச் சொல்லி, மூன்று வசனமும் காட்டியிருப்பேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். எப்போதும் தூங்கிவிழும் நம் தாத்தா, குனிந்த தலை நிமிராமல், "அவள் போனதிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை" என்றார்.

பாட்டி இறந்து ஒன்றரை வருடம், மச்சான். அத்தனை வாரமும் அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் நான் ஜெபத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

தலைமையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று சபைக் கமிட்டியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். என்னத்தைப் பகிர்ந்தேன்? பாட்டுக்கு ஒருவர், காணிக்கைப் பைக்கு ஒருவர், நாற்காலி போட இரண்டு பேர். எதைப் பேசுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் என் சட்டைப்பைக்குள். மாமனார் எத்திரோ சொல்லி, பத்துப் பேருக்கு ஒருவராக மோசே வைத்த தலைவர்கள் நாற்காலியா போட்டார்கள்? வழக்கையே தீர்த்தார்கள். கஷ்டமானது மட்டும்தான் மோசேயிடம் போனது. அவருக்குப் புத்தி சொல்ல மாமனார் வந்தார், எனக்குத் தொண்டை.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியைப் பற்றி நீ ஓயாமல் சொல்லும் கதையும் இப்போதுதான் உறைத்தது. 1742இல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலைமையைக் கண்டார்கள். அப்படித்தான் குருப்பட்டம் இல்லாத சாதாரண ஆட்கள் மேய்ப்பர்களானார்கள். இத்தனை நாள் அதைக் கடன் தீர்ந்த கதையாகவே கேட்டிருக்கிறேன்.

உன்னிடம் மறைப்பானேன், பொறாமையாகவும் இருக்கிறது. தாத்தா என்னிடம் சொல்லவில்லையே! அக்கா தப்பாக எதையாவது போதித்துவிடுவாரோ என்று ஒரு பயமும் உண்டு. அதில் பாதி சாக்கு. நீ உன் குழுவை விட்டுக்கொடுத்தபோது வாயை எப்படிக் கட்டினாய்? இதற்காவது உடனே பதில் போடு.

குரல் திரும்பிவிட்டது. "இனி நீங்களே நடத்துங்கள்" என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான், ஒரு வாரம் தாத்தாவாம்! வரும் வெள்ளி எனக்கு ஆரம்ப ஜெபம் மட்டும். மூன்று நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நீ கூட ஐந்து கொடுத்தாய்.

உன்,
மைக் அண்ணன்