நெருக்கடி நிலையிலும் கைதானவரை நீதிபதி நேரில் பார்க்க வகை செய்யக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு சட்டத்துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: நெருக்கடி நிலைக் காலக் கைதுகளை நீதிமன்றக் கண்காணிப்பில் வைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

நான் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ரிமாண்டுக்கு வரும் காகிதத்தில் முதலில் கைது நேரத்தைத்தான் பார்ப்பேன். அந்த இடத்தில் மட்டும் மையின் நிறம் மாறியிருந்தால், நடுவர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் நிற்பவரிடம், "உன்னை எப்போது பிடித்தார்கள்?" என்று கேட்பார். பல நாள் அதிலேயே உண்மை வெளியே வந்துவிடும். சில பேர் வாய் திறக்க மாட்டார்கள். நடந்து வரும் விதமே சொல்லிவிடும்.

நெருக்கடி நிலை வந்தால் முதலில் காணாமல் போவது இந்தக் கேள்விதான். அவசரத்தில் வாரண்டுக்குக் காத்திராமல் சோதனை போட வேண்டியிருக்கும், சரி. பிடித்தவரை நீதிபதியிடம் காட்டினால் எந்த விசாரணை கெட்டுவிடும்?

தடுப்புக்காவலில் இருப்பவர் நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போட முடியாது என்று 1976 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர்.கன்னா மட்டுமே மாறுபட்டு எழுதினார். அது தவறான தீர்ப்பு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2017 ஆகிவிட்டது. உள்ளே கிடந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993-இல் வட அயர்லாந்து வழக்கில், நீதிபதியிடம் கொண்டு போகாமல் 7 நாள் வரை காவலில் வைப்பதை ஏற்றுக்கொண்டது. வக்கீலைப் பார்க்கவும் ஆட்கொணர்வு மனு போடவும் அங்கே வழி இருந்தது. என் கணக்கில் 7 நாளே அதிகம். 1996-இல் துருக்கி வழக்கில் வந்தது 14 நாள், வெளியாள் யாரையும் பார்க்க விடாத காவல். அதை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் காவலில் இருந்தவர் சித்திரவதை செய்யப்பட்டதும் அதே தீர்ப்பில் உறுதியானது.

ஆகவே, நெருக்கடி நிலை விதிகளில் ஆட்கொணர்வு மனுவைத் தடுக்கும் எந்தப் பிரிவும் இருக்கக் கூடாது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2014-இல் குறிப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் கைதானவரை நீதிபதி முன் நேரில் நிறுத்த வேண்டும். காணொலி போதாது, கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று திரையில் தெரியாது. அப்புறம், கைது நேரம் எழுதிய பதிவேட்டின் நகல் அன்றைக்கே நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். பிறகு யாரும் மை மாற்ற முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர்