மலையில் கட்டுங்கள், கீழே இறக்கிப் பறக்க விடுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் சொந்தமாக விமானம் கட்ட நினைக்கும் மாணவர் குழுக்களுக்கும், அவர்களுக்கு ஷெட்டும் மைதானமும் தர முன்வரும் கல்லூரி, எஸ்டேட் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

விமானம் கட்டப் புறப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த எஞ்சின் வாங்கலாம் என்பது. எங்கே பறக்க விடலாம் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம்: இங்கே வேண்டாம். கட்டுவதைத் தாராளமாக இங்கே கட்டலாம். முதல் பறப்பும் அதற்குப் பின் வரும் சோதனைப் பறப்புகளும் சமவெளியில் நடக்கட்டும். ஏன் என்பதையும், அதுவரை பட்டறையில் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதத்தான் இந்த மடல்.

சொந்தமாகக் கட்டும் விமானத்துக்குத் தரும் ‘எக்ஸ்பெரிமென்டல்’ (சோதனை வகை) சான்றிதழ் என்றால் விமானம் பத்திரமானது என்று அரசு சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தொழிற்சாலை விமானத்துக்குத் தருவது வகைச் சான்றிதழ். அதன் வடிவமைப்பைத் தயாரிப்பாளர் கணக்காலும் சோதனையாலும் நிரூபித்திருப்பார். சோதனை வகை விமானத்துக்கு அப்படி யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. ஆகவே அதன் தாளில் இருப்பதெல்லாம் வரம்புகள்தான்: யார் ஏறலாம், எதன் மேல் பறக்கக் கூடாது, எத்தனை மணி நேரம் தனியாகப் பறந்து காட்ட வேண்டும். அமெரிக்காவில், கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்தவர்களுக்குத்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். ‘51 சதவீத விதி’ என்று பேச்சில் சொல்வது இதைத்தான். கணக்கில் வருவது செய்து முடித்த வேலைகள். செலவழித்த பணம் இல்லை. கூலிக்கு ஆள் வைத்துச் செய்தது சேராது. சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்கேற்ற புரொப்பல்லரும் இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், ஒதுக்கிய பரப்புக்குள் பயணி இல்லாமல் பறக்க வேண்டும். அண்மைக் காலமாக மணிக்கணக்குக்குப் பதிலாக, இன்னின்ன சோதனைகளை முடித்துக் காட்டு என்ற முறையும் வந்திருக்கிறது. எங்களைக் கேட்டால் அதுதான் நேர்மையான முறை. நாற்பது மணி நேரம் வட்டமடித்துவிட்டு, ஸ்டால் வேகம் (எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை தூக்காமல் விட்டுவிடும் என்பது) தெரியாமல் இறங்கி வருகிறவர்களும் உண்டு. அதன் பிறகும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. ஏறும் இடத்துக்கு அருகில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற சொல் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். ஏறுகிறவருக்கு அதுவே எச்சரிக்கை.

இந்தியாவில் பாதை இவ்வளவு நேரானது இல்லை. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016-ல் கண்காட்சிக்கு வந்தது. பதிவெண் கிடைத்தது 2017-ல், பறப்பதற்கான அனுமதி 2019-ல். கட்டிய காலம் தனி. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறோம். பதிவு, பறப்பனுமதி, பாதுகாப்புத் துறைகளின் ஒப்புதல், வானொலிக் கருவிக்கான உரிமம் என ஒவ்வொன்றும் தனித்தனி மேசை. அலுமினியத் தகடு வாங்கும் முன்பே, வரைபடம், எஞ்சின் விவரம், எடை மதிப்பீடு மூன்றையும் வைத்து விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் சென்னை அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பழைய சட்டத்தை மேற்கோள் காட்டாதீர்கள்.

வேலைக் குறிப்பேடு அன்றன்றே எழுதப்பட வேண்டும். தேதி, பாகத்தின் எண், யார் செய்தது, யார் பார்த்தது, மூடுவதற்கு முன் உட்புறப் படம். இறக்கைத் தோலை ரிவெட் அடித்து மூடிய பிறகு, உள்ளே இருக்கும் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்தரம்) இணைப்பைப் பரிசோதகர் பார்க்கக் கேட்டால் உளி எடுப்பதைத் தவிர வழி கிடையாது.

இனி போல்ட். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8.8 போல்ட்டும் ஏஎன் வகை விமானப் போல்ட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடைப் போல்ட்டில் பெரும்பாலும் மரை கீழே வரை ஓடும். மரை துளைக்குள் உட்கார்ந்து ரம்பம் போலத் துளையைத் தின்னும். ஏஎன் போல்ட்டின் வழுவழுப்பான தண்டு தகடுகளின் மொத்தக் கனத்துக்குச் சரியாக இருக்கும்படி நீளம் தேர்ந்தெடுக்க வேண்டும். 3/16 அங்குல ஏஎன்3 போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை (டார்க்) 20 முதல் 25 அங்குலப் பவுண்டு, கால் அங்குல ஏஎன்4-க்கு 50 முதல் 70. கார் மெக்கானிக்கின் பெரிய டார்க் ரெஞ்ச் இந்த அளவில் துல்லியம் காட்டாது. சின்னது தனியாக வாங்குங்கள். நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு முழு மரையாவது தெரிய வேண்டும். திரும்பி அசையும் இணைப்பில் நைலான் வளையத்தால் பிடித்துக்கொள்ளும் நட் போடாதீர்கள், தலையில் வெட்டுகள் உள்ள காஸில் நட்டும் அதைக் கழலாமல் பூட்டும் காட்டர் பின்னும்தான். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலும் நைலான் நட் கூடாது, முழு உலோகப் பூட்டு நட் போடுங்கள்.

மலைப் பட்டறைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. எபாக்சி ரெசினும் கண்ணாடி இழையும் வைத்துக் கட்டுகிறீர்கள் என்றால், ஜூலை மாத ஊட்டியில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யவே கூடாது. குளிரில் எபாக்சி இறுக நேரமாகும். ஈரக்காற்று பட்டால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதன்மேல் அடுத்த அடுக்கை ஒட்டினால் ஒட்டாது, ஆனால் ஒட்டியது போலவே தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அறையை 22 டிகிரிக்கு மேல் வைக்க ஹீட்டர், ஈரம் இழுக்க டிஹியூமிடிஃபையர் இரண்டும் வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சின்னத் துண்டு ஊற்றி, தேதி எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் உடைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறது என்று ஸ்பாருக்கு எடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. சிறு விமானக்காரர்கள் அதிகம் தேடும் ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வது 10 சதவீதம் வரைதான். எத்தனால் ரப்பர்க் குழாயை ஊறவைக்கும், சில ரெசின் டாங்குகளை இளக்கும், காற்றுத் துளை வழியாக மூடுபனியின் ஈரத்தையும் இழுக்கும். இரவில் குளிர்ந்து, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்தால், காலையில் எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். சோதிப்பது எளிது. அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். நன்றாகக் குலுக்கி நிறுத்துங்கள். அடியிலிருக்கும் அடுக்கு 10-லிருந்து ஏறக்குறைய 28-க்கு ஏறியிருந்தால் கலந்திருப்பது 20 சதவீதம். மாற்று வழி, விமானங்களுக்கென்றே வரும் பெட்ரோலான ஏவ்கேஸ் 100 எல்எல். இந்தியன் ஆயில் 2022-ல் உள்நாட்டுத் தயாரிப்பை வெளியிட்டது. அதில் ஈயம் உண்டு என்பதால் ரோட்டாக்ஸில் எஞ்சின் எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பெட்ரோல் தடையில்லாமல் எஞ்சினுக்கு ஓடுகிறதா என்பதை ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின் முழுத் திறனில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்திருந்தால் அதன் 125 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 560 மில்லி வர வேண்டும். டாங்க் மேலே இருந்து தானாக இறங்கும் அமைப்பு என்றால் 150 சதவீதம், நிமிடத்துக்கு 675 மில்லி. டாங்கில் கொஞ்சமே எரிபொருள் வைத்து, மூக்கை, அந்த விமானம் ஏறக்கூடிய மிகச் செங்குத்தான கோணத்தைவிட ஐந்து டிகிரி கூடுதலாகத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி வாளியில் பிடியுங்கள். சம தரையில் பிடித்தால் எல்லா விமானமும் பாஸ் ஆகும். பிடித்ததை வடிகட்டிப் பாருங்கள்: டாங்க் செய்தபோது விழுந்த அலுமினியச் சீவலும் சீலன்ட் துணுக்கும் இருக்கும். புது விமானத்தில் எஞ்சின் நிற்பதற்கு இவை பழைய காரணங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிவு. கார்புரேட்டரை இங்கே வைத்துச் சரிசெய்தால், பெட்ரோல் அதிகமாகிப் புகைகிறது என்று சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போடுவீர்கள். எஞ்சின் அழகாக ஓடும். அதே ஜெட்டோடு கோயம்புத்தூருக்கு இறக்கினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாது. வெளியேறும் புகையின் சூடு ஏறி, முழுத் திறனில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பறக்கப் போகும் இடத்தில்தான் ஜெட் தேர்வு. எக்ஸாஸ்ட் வெப்பமானி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

எடைக்கு மூன்று தராசு, ரசமட்டம், தூக்குக்குண்டு போதும். ஒரு கணக்கு காட்டுகிறோம். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 278 கிலோ, அளவுக் கோட்டிலிருந்து 2.00 மீட்டர். மூக்குச் சக்கரம் 62 கிலோ, 0.55 மீட்டர். பெருக்கிக் கூட்டினால் 590.1, மொத்த எடை 340-ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் 1.74 மீட்டரில். வாலில், 5.2 மீட்டர் தள்ளி, பட்டியும் பெயின்ட்டுமாக இரண்டு கிலோ ஏற்றினால் மையம் இரண்டு சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். இரண்டு கிலோதானே என்று தோன்றும். மையம் பின் வரம்பைத் தாண்டினால் ஸ்டாலிலிருந்து மூக்கு இறங்காது. அசையும் வால் பரப்புகளில் ஏறிய பெயின்ட் அவற்றின் எதிரெடைச் சமநிலையையும் கெடுக்கும். வேகம் கூடும்போது படபடவென்று அடித்து வாலே பிய்ந்துபோகக் காரணம் அதுதான். ஆகவே பெயின்ட் அடித்த பிறகு இன்னொரு முறை எடை போடுங்கள்.

இப்போது ஏன் இங்கே பறக்கக் கூடாது என்பதற்கு வருவோம். ஊட்டியில் 20 டிகிரி இருக்கும் இதமான நண்பகலில், இறக்கையும் எஞ்சினும் உணரும் உயரம் கிட்டத்தட்ட 9,600 அடி. கோயம்புத்தூரில் 32 டிகிரி வெயிலிலும் அது 3,600 அடிதான். 9,600 அடியில் 100 குதிரைத் திறன் எஞ்சின் 70 சொச்சம் தரும். வேகமானி 80 காட்டும்போது தரையின் மேல் ஓடுவது 93 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் 200 மீட்டரில் எழும்பும் விமானத்துக்கு இங்கே 350-லிருந்து 400 மீட்டர் வேண்டும். ஈரப் புல் என்றால் அதற்கும் மேல். எந்தக் கல்லூரி மைதானத்தில் அவ்வளவு நீளம் இருக்கிறது? எழும்பிவிட்டால் இறங்க இடம் வேண்டுமே. மேலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரியும் தேயிலைத் தோட்டம், கவாத்து வெட்டி இறுகிய கட்டைகளும் படிக்கட்டு வரப்புகளும்தான். பள்ளத்தாக்குகளின் குறுக்கே பைக்காரா, குந்தா மின் கம்பிகள் போகின்றன. 10 முதல் 20 டிகிரிக் குளிரில் ஈரக்காற்று, கார்புரேட்டருக்குள் பனி கட்டுவதற்கு ஏற்ற சூழல். மதியத்துக்கு மேல் கீழிருந்து ஏறிவரும் மேகத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது இரட்டை எஞ்சின் ராணுவ ஹெலிகாப்டர். எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசை உணர்வு தவறியதுமே காரணம் என்று விசாரணை சொன்னது.

கீழே கொண்டுபோவதிலும் வேலை இருக்கிறது. இறக்கைகளைக் கழற்றி, நுரைத் தாங்கிகளில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். பர்லியார் கொண்டை ஊசி வளைவுகளில் படுக்க வைத்த இறக்கை சுருண்டு முறுக்கும். ஊட்டிக் கடையில் சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே காற்றுப் புகாமல் மூடிய டாங்கும் பெட்டியும் கீழே போகும்போது அதற்கு நேர்மாறாக உள்ளே ஒடுங்கும். மூடிகளைத் தளர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள். கீழே மறுபடி பூட்டியதும், கட்டாத ஒருவர் வந்து பார்க்க வேண்டும்: விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) மேலே எழ வேண்டும், வலது இறங்க வேண்டும். கம்பியை மாற்றிப் பூட்டியவரே பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

தரை ஓட்டத்தை நடை வேகத்தில் தொடங்குங்கள். வேகமான தரை ஓட்டத்தைப் பயிற்சி என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால், பிரேக் சூடாகித் தோற்கும், அல்லது யாரும் நினைக்காத நேரத்தில் விமானம் எழும்பிவிடும். முதல் பறப்புக்கு நீண்ட ஓடுதளம், அதிகாலை, ஒரே ஆள், அதுவும் அந்த வகை விமானத்தில் அண்மையில் பறந்து பழகியவர். கட்டியவர்தான் ஓட்ட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஓடுதளத்துக்கு நேர் மேலேயே 3,000 அடி ஏறி, வட்டமடித்து, மெதுவாகப் பறந்து பார்த்து, அரை மணியில் இறங்க வேண்டும். அன்று வேறெதுவும் இல்லை. வானில் எஞ்சினை அணைத்து மறுபடி இயக்கும் சோதனை முதல் நாட்களின் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. 2009 மார்ச் 6-ல் பிடதி அருகே சரஸ் முன்மாதிரி விமானம் விழுந்து மூன்று விமானப்படை அதிகாரிகள் உயிரிழந்தது அப்படியொரு சோதனையின்போதுதான். இறங்கியதும் எஞ்சின் மூடியைக் கழற்றி எண்ணெய்க் கசிவு, தளர்ந்த கிளாம்ப், உராய்ந்த ஒயர், எரிபொருள் வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டாவது பறப்பு மறுநாள்.

நிர்வாகிகளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு மைதானம் தர வேண்டாம். ஈரம் புகாத ஒரு ஷெட், மூன்று நல்ல தராசு, ஒரு சின்ன டார்க் ரெஞ்ச், மேட்டுப்பாளையத்துக்கு ஒரு லாரி வாடகை, இவற்றைத் தாருங்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பு தெரிந்த சிலர்
குன்னூர்