'தண்ணி' மட்டும் போதாது, வினையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சுவழக்கில் வேடிக்கையாகப் பொருள் மாறும் வீட்டுச் சொற்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பு தொகுத்து வருவது நல்ல வேலை. ஆனால் 'தண்ணி' என்ற சொல்லுக்குக் 'குடி, ஏமாற்று, கைவிடு, எளிது' என்று நான்கு பொருளை வரிசையாக அச்சிட்டுவிட்டால் தொகுப்பு முடிந்துவிடாது. அந்தப் பொருள்களில் பெரும்பாலானவை தண்ணியில் இல்லை. அதோடு சேரும் வினையிலும் வேற்றுமை உருபிலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் நாளை படிப்பவருக்குச் சொல் கிடைக்கும், பயன்படுத்தத் தெரியாது.

'அடி' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். "பூசின சுவத்துக்குத் தண்ணி அடிச்சியா?" என்று கொத்தனார் சித்தாளைக் கேட்டால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை, சுவர் காயாமல் ஈரமாக வைப்பதைப் பற்றிய பேச்சு அது. "வண்டிக்குத் தண்ணி அடி" என்பதும் அப்படித்தான். அந்தக் 'கு' உருபை எடுத்துவிட்டு "தண்ணி அடிச்சியா?" என்று கேட்டுப் பாருங்கள், கொத்தனாருக்கே கோபம் வரும். அடிபம்பு இருக்கிற தெருவில் மட்டும் இரண்டு பொருளும் அருகருகே நிற்கும். கையில் குடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே தீர்ப்பு.

'காட்டு' இதற்கு நேர் எதிர். இங்கே 'கு' உருபு இல்லாமல் வேடிக்கைப் பொருளே வராது. "போலீசுக்குத் தண்ணி காட்டினான்", "வனத்துறைக்குத் தண்ணி காட்டும் சிறுத்தை" என்பவை நாளிதழ்த் தலைப்புகளிலேயே அடிக்கடி வருபவை. "மாட்டுக்குத் தண்ணி காட்டினான்" என்பதிலும் அதே உருபு, அதே வினை. ஆனால் அங்கே பொருள், தொட்டிக்கு ஓட்டிப் போய்க் குடிக்க வைப்பது. வேறுபாடு உருபில் இல்லை, யாருக்குக் காட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. தண்ணியைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இழுத்தடிப்பதிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். தண்ணி காட்டப்பட்ட மாடு வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் திரும்புகிறது. அதனால் அந்த விளக்கத்தை உண்மைபோல அச்சிடாதீர்கள்.

'தெளி' என்ற வினைக்குத் துணைவினை முக்கியம். "வாசலுக்குத் தண்ணி தெளிச்சாச்சா?" என்பது விடியற்காலை வேலை. "அவனுக்கு எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பது பெற்றவர்கள் பிள்ளையைத் திருத்தும் நம்பிக்கையை விட்டுவிட்டதைச் சொல்வது. நடுவில் வரும் அந்த 'விடு' போனால் பொருளும் போய்விடும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பது அலுவலக மிரட்டல், 'மாத்து', 'தூக்கியடி' போன்ற வினைகளோடுதான் வரும்.

இவற்றை இரண்டு குடும்பமாகப் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 'ஐ' உருபைச் சேர்த்துப் பாருங்கள். "தண்ணியைப் போட்டுட்டு வந்தான்" என்றாலும் குடித்துவிட்டு வந்தான் என்றே பொருள். "போலீசுக்குத் தண்ணியைக் காட்டினான்" என்றால் வேடிக்கை செத்துப்போய், கையில் சொம்போடு ஒருவன் நிற்கிறான். காரணம், முதலாவதில் தண்ணி என்ற சொல்லே மதுவாக மாறிவிட்டது. அதனால்தான் 'தண்ணிப் பார்ட்டி', 'தண்ணி வண்டி', 'தண்ணியில இருக்கான்' என்று வினையைச் சாராமலும் அது கிளைக்கிறது. இரண்டாவதில் தொடர் முழுவதும் சேர்ந்து ஒரே பொருள், நடுவில் கத்தி வைக்க முடியாது. முதல் குடும்பத்தைச் சொல்லின் கீழும் இரண்டாவதைத் தொடராகவும் பதிவு செய்ய வேண்டும்.

மதுவைத் தண்ணி என்று மறைத்துச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் நன்னூலின் குழூஉக்குறிக்கு, அதாவது ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லுக்கு, எடுத்துக்காட்டுகளாக இன்றும் பள்ளியில் சொல்லித்தரப்படுகின்றன. சொல்விளம்பிக்குப் பாடத்தில் இடம் உண்டு என்றால் தண்ணிக்கு அகராதியில் இடம் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியே பேச்சுவழக்கு, இடவழக்கு என்று குறிப்பிட்டுச் சொற்களை ஏற்றுக்கொண்டது. ஊர் மாறினால் பொருளும் மாறும் என்பதால் அந்தக் குறிப்பு அவசியம். இலங்கையில் 'தேத்தண்ணி' என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அது வெறும் தேநீர்.

அச்சில் நடக்கும் இன்னொரு தவறு, மெய்ப்புத் திருத்துபவர் 'தண்ணி'யைத் 'தண்ணீர்' ஆக்கிவிடுவது. "ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு" தாங்கும், அது எழுத்துவழக்கிலும் ஊறிய தொடர். "தண்ணீர் அடித்தான்" தாங்காது. எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதே அந்தத் தொடர் எழுத்துவழக்குக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோல். திருத்திவிட்டால் அந்தத் தடயமே அழிந்துபோகும்.

எனவே வாசகர்களிடம் அடுத்த சொல்லைக் கேட்கும்போது, அது சொம்போ கடலையோ பல்போ எதுவானாலும், தனிச்சொல்லாக வாங்காதீர்கள். காதில் விழுந்த முழு வாக்கியம் வேண்டும். யார் யாரிடம் சொன்னது, எந்த ஊர், பெரியவர்கள் முன்னால் சொல்லலாமா கூடாதா என்ற குறிப்பும் வேண்டும். அதே சொற்களை நேர்ப்பொருளில் வைத்து இன்னொரு வாக்கியத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு அஞ்சலட்டையில் இவ்வளவும் அடங்கும்.

இப்படிக்கு,
பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கும் வாசகர்கள்,
மதுரை