பிளாட்பாரத்துப் புத்தகக் கடை

ஆசிரியருக்கு வணக்கம்.

பேத்தியை ரயிலேற்றிவிடப் போன வாரம் ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். முதல் பிளாட்பாரத்தில், மேம்பாலப் படிக்கட்டை ஒட்டி, நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு புத்தகக் கடை இருந்தது. அங்கே இப்போது சிப்ஸ் பாக்கெட்டும் சார்ஜர் ஒயரும் தொங்குகின்றன. “படிக்க ஏதாவது இருக்கா தம்பி?” என்றேன். பையன் இயர்போனைக் கழற்றிவிட்டு, “என்ன வேணும்?” என்று திருப்பிக் கேட்டான்.

நான் கூட்ஸ் கார்டாக, அதாவது சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் கொடியோடு போகிறவனாக இருந்தவன். (2022இல் அந்தப் பதவிக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த யோகம் வருவதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டேன்.) அப்போது மதுரைக்குத் தெற்கே ஒற்றைப் பாதை. எக்ஸ்பிரஸுக்கு வழிவிடக் கள்ளிக்குடியிலோ மணியாச்சியிலோ கூட்ஸை லூப் லைனில் (ஸ்டேஷனில் பிரிந்து போகும் பக்கப் பாதையில்) ஒதுக்கினால் மூன்று மணி நேரமும் ஆகும், ஐந்தும் ஆகும். பிரேக் வேனில் ஃபேன் கிடையாது, விளக்கு கிடையாது, பேச ஆள் கிடையாது. என் கார்டு பெட்டியில் கொடிக்கும், ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தில் வைத்து வெடிக்கவிடும் டெட்டனேட்டருக்கும் அடியில் அந்தக் கடைக்காரர் கொடுத்த புத்தகம் ஒன்று எப்போதும் கிடக்கும்.

சம்பளத் தேதிவரை நோட்டில் எழுதிக்கொள்வார். அட்டை மடங்காமல் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் கழிவு. மாத நாவலாகவே வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் தலையணை கனத்தில் ஒரு ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பை நீட்டினார். “பேரெல்லாம் குழப்பும் சார், சீட்டுல எழுதி வச்சுக்குங்க.” எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று எழுதித் தரும் பழைய காஷன் ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். முடிக்க எட்டு மாதம் ஆனது.

பிறகு பாசஞ்சருக்கு மாறினேன். இரண்டு நிமிட நிறுத்தத்தில் ஜன்னல் வழியே வார இதழைக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையோடு அவர் பெட்டியை ஒட்டி ஓடுவார். அந்தச் சில்லறை போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பச்சைக் கொடி காட்டிய நாட்களும் உண்டு. சர்வீஸில் இருக்கும்போது இதை எழுதியிருந்தால் சார்ஜ் ஷீட்தான்.

1844இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் தெற்கத்தி ஸ்டேஷன்களிலும், 1877இல் அலகாபாத்தில் தொடங்கிய வீலர் வடக்கேயும் கடை போட்டதால்தான் புத்தகக் கடையே இல்லாத ஊர்க்காரர்களுக்கும் புத்தகம் கைக்கெட்டியது. டவுனில் பெரிய கடைக்குள் நுழையக் கூச்சப்படுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஸ்டேஷன் கடைக்கு வாசலும் கிடையாது, படியும் கிடையாது. டைம் டேபிள் வாங்க வந்தவர் வண்டி லேட் என்றதும் பக்கத்தில் இருப்பதைப் புரட்டுவார். எத்தனையோ பேர் வாசகரானது இப்படித்தான்.

2017இல் ரயில்வே புத்தகக் கடை, மருந்துக் கடை, பல சரக்குக் கடை எல்லாவற்றையும் ஒன்றாக்கி ‘மல்டி பர்ப்பஸ் ஸ்டால்’ என்று கொள்கை கொண்டுவந்தது. பிஸ்கட்டோடு போட்டி போட்டுப் புத்தகம் எப்படி ஜெயிக்கும்? பயணிகள் எல்லோரும் போனைத்தான் பார்க்கிறார்கள் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு தட்டு. ஸ்டால் லைசென்ஸ் கொடுக்கும்போது, கண்ணுக்கு நேரான உயரத்தில் ஒரு தட்டு தமிழ்ப் புத்தகத்துக்கு என்று நிபந்தனை போடட்டும். அந்தத் தட்டுக்கு வாடகையைக் குறைக்கட்டும்.

அன்றைக்கு அந்தப் பையன் தேடிப் பார்த்து, தூசி தட்டி ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தான். குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம். முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிப் பேத்தியிடம் ஜன்னல் வழியே நீட்டினேன். அவளுக்குப் பத்தொன்பது வயது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார்டு,
மதுரைக் கோட்டம்