சேலத்துப் பட்டறைகளுக்கும் ஏற்காட்டு ஆசாரிக்கும் ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரியில் நிற்கும் எங்கள் பழைய பாய்மரப் படகின் ஹேட்ச் இப்போது ஒற்றைக் கையில் நகர்கிறது. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மல்லுக்கட்டிய மூடி அது. அதைச் சரிசெய்து கொடுத்தவர்கள் எல்லாரும் கடலே இல்லாத சேலத்துக்காரர்கள். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் தொழிலைச் சொல்லியே எழுதுகிறேன். அவரவருக்குத் தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரியும்.

படகு பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கேபினுக்குள் இறங்கும் வாசலுக்கு மேலே, முன்னும் பின்னும் தள்ளித் திறக்கும் பைபர் மூடிதான் ஹேட்ச். மூடியின் அடியில் இரண்டு ஓரமும் அலுமினியப் பட்டை. அது படகின் மேல்தளத்தில் உள்ள தேக்குத் தடத்தில் ஓட வேண்டும். அலை உள்ளே அடிக்கும்போது சட்டென்று மூட வேண்டும். உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டால் சட்டென்று திறந்து வெளியேற வேண்டும். இறுகிப்போன ஹேட்ச் வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து. ‘புதுசாகவே போட்டுவிடுங்கள்’ என்று ஒருவர் சொன்ன விலைக்கு மச்சான் படகையே விற்றுவிடலாம் என்றான். சரி, ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று மூடியைக் கழற்றினோம்.

முதல் நன்றி பஸ் கண்டக்டருக்கு. “தண்ணி டேங்க் மூடியா சார்?” என்று கேட்டவர், படகு மூடி என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, கடைசி சீட்டுக்குப் பின்னால் தானே சாய்த்து வைத்தார். கள்ளக்குறிச்சியில் கூட்டம் ஏறியபோது, “அது மேல யாரும் சாயாதீங்க, பைபர்” என்று அதட்டவும் செய்தார்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை மாமாவிடம் போனது வேறு வழியில்லாமல்தான். அலுமினியப் பட்டையைப் பிடித்திருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்கள் அசையவே மறுத்தன. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் அரிக்கும். அரித்து வரும் வெள்ளைப் பொடி, அது இருந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் ஸ்க்ரூவை நெரித்துக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் தலை உடைந்துவிடும். மாமா மூடியை மடியில் வைத்து, ஸ்க்ரூவைச் சுற்றி ஈரத்துணியைத் திரித்து வளையமாக வைத்தார், பைபர் கருகாமல் இருக்க. கொலுசுக்குத் திருகாணி பற்றவைக்கிற அந்த ஊசிச் சுடரை ஸ்க்ரூவின் தலையில் மட்டும் காட்டினார். அலுமினியம் சூட்டில் ஸ்டெயின்லெஸைவிடக் கூடுதலாக விரியும், அதனால் பிடி தளரும். அதை அவர் விளக்கவில்லை. சுடரை எடுத்தார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரை வைத்து முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை திருகி, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பினார். ‘டிக்’ என்று சத்தம் வந்தது. ஒரு தலைகூட உடையவில்லை.

மூடி ஏன் இறுகியது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் சீலநாயக்கன்பட்டி பக்கம் பைபர் வேலை செய்யும் தம்பி. உப்பும் காய்ந்த கிரீஸும்தான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் மூடியின் குறுக்கே ஒரு நேரான கம்பியை வைத்துக் காட்டினார்: நடுவில் தொய்வு. பாய் கட்டப் போகிறவர்கள் எல்லாரும் பல வருஷமாக அதன்மேல் ஏறி மிதித்திருக்கிறார்கள். நடு இறங்கினால் இரண்டு ஓரமும் வெளியே விரிந்து தடத்தின் சுவரில் உரசும். தலைகீழாகக் கவிழ்த்து, எடை வைத்து நிமிர்த்தி, அடியில் குறுக்காக இரண்டு விலா கட்டிக் கொடுத்தார். அதற்கு முன் அவர் பட்ட பாடுதான் பெரிசு. பழைய சொந்தக்காரர் வழுக்கட்டும் என்று சிலிகான் ஸ்பிரே அடித்து வைத்திருந்தார். சிலிகான் இருக்கிற இடத்தில் ரெசின், அதாவது பைபரை ஒட்டவைக்கிற பிசின், ஒட்டாது. எடுத்த எடுப்பில் உப்புத்தாள் போட்டால் கீறல்களுக்குள் அது இன்னும் ஆழமாக இறங்கிவிடும். அதனால் முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடைத்து, அதன் பிறகே தேய்த்தார். படகு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஸ்பிரே டப்பாவைத் தூக்கி எறியுங்கள். கிரீஸும் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் ஷீட் கடை அக்காவுக்கு நன்றி. தேய்ந்துபோன அலுமினியப் பட்டைக்குப் பதிலாகப் போட நான் நைலான் பட்டை கேட்டேன். “தண்ணியில கிடக்கிற சாமானுக்கு நைலான் வேண்டாம் தம்பி, தண்ணி குடிச்சு ஊதிக்கும்” என்று சொல்லி, கன்வேயர் ஓரங்களுக்குப் போடுகிற யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் துண்டை எடுத்துப் போட்டார். வெள்ளையாக, தொட்டால் மெழுகு பூசியது போல இருக்கும். தண்ணீர் குடிக்காது, தேய்மானமும் குறைவு. எந்தப் பசையும் அதில் ஒழுங்காக ஒட்டாது, ஸ்க்ரூதான் போட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வெட்டி மிச்சமான துண்டு என்பதால் எடைக்குத்தான் காசு வாங்கினார்.

ஸ்க்ரூ கடைக்காரருக்கும் ஒரு கும்பிடு. ஸ்டெயின்லெஸுக்குப் பேர் போன ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவுக்கு என்ன பஞ்சம் என்று போனால், “304ஆ, 316ஆ?” என்று மடக்கினார். இரண்டும் ஸ்டெயின்லெஸ் ரகங்கள்தான். மாலிப்டினம் கலந்த 316தான் உப்புக்குத் தாங்கும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, பெட்டியில் 316க்கான ஏ4 என்ற குறி அச்சடித்திருக்கிறதா பார் என்று சொல்லித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஏற்காட்டு ஆசாரி அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். எஸ்டேட் பங்களாக்களின் கதவு, ஜன்னல், மேசை என்று காலம் காலமாக வேலை பார்ப்பவர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மூடியைக் கொண்டுபோனால், மூடியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தடம் எங்க?” என்றார். தடம் படகில், படகு புதுச்சேரியில். “அப்ப பாதி நோயாளிதான் வந்திருக்கார்” என்று சிரித்துவிட்டு, ஒரு சில்வர் ஓக் துண்டை இழைக்க ஆரம்பித்தார். மூடியின் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் விட வேண்டிய இளக்கத்தையும் சேர்த்து, அதே நீளத்துக்கு ஒரு அளவுக்கட்டை. “தடத்துக்கு நடுவுல இதை வெச்சு மெதுவாத் தள்ளிட்டே போங்க. எங்க நிக்குதோ அங்க பென்சிலால கோடு போடுங்க. அங்க மட்டும் தேய்ங்க. மத்த இடத்துல கை வெச்சா வீணாப் போயிரும்.”

அப்படியே செய்தோம். கட்டை பாதித் தூரம் சுகமாகப் போய், முன்பக்கம் வந்ததும் நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி ஊறி அந்த முனையில் தேக்கு ஒரு தீக்குச்சி கனத்துக்கு உள்ளே தள்ளி வந்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. கோடு போட்ட இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கட்டை தங்குதடையின்றி ஓடிய பிறகு மெழுகுவர்த்தியைத் தடம் முழுக்கத் தேய்த்தோம். ஓரத்தில் இருந்த கைப்பிடியை நடுவுக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான். அகலமான மூடியை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும் என்பது மேசை டிராயர் செய்கிறவருக்குத் தெரியாதா என்ன. அளவுக்கட்டை படகிலேயே இருக்கிறது. திருப்பித் தருவதாக இல்லை, மன்னிக்கவும்.

கடைசியாக, அம்மாப்பேட்டை லேத் பட்டறை அண்ணனுக்கு. நான் அலுமினியம் அரிப்பதைப் பற்றி விளக்கப் போக, “ஏற்காட்டு பாக்சைட்டுதாங்க மேட்டூர்ல அலுமினியம் ஆச்சு, எங்ககிட்டயேவா?” என்று வாயை அடைத்தவர். பட்டையின் தடிமன் கூடினால் மூடி மேலே எழும்பி, திறக்கும்போது அது உள்ளே நுழைகிற முன்கூட்டில் இடிக்கும் என்று, தேய்ந்துபோன அலுமினியத்தின் அளவை வெர்னியரில் எடுத்து, அவ்வளவுக்கே பட்டையைச் சீவிக் கொடுத்தார். ஸ்க்ரூத் தலைகள் உரசாமல் உள்ளே அமுங்க இடம் எடுத்தார். நடு ஓட்டை மட்டும் வட்டம், மற்றதெல்லாம் நீளவாக்கில். பிளாஸ்டிக் வெயிலில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு நீளும். முக்கால் மீட்டர் பட்டை 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. அளவுக்கு வளரும். எல்லா ஓட்டையும் இறுக்கமாக இருந்தால் பட்டை நெளிந்து, மூடி பழையபடி முரண்டு பிடிக்கும்.

கத்திரி வெயிலில் பட்டை முட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள், அண்ணே. பார்த்தாயிற்று. உச்சி வெயிலில், முனையில் நீங்கள் விட்ட இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது, ஆனால் முட்டவில்லை. ஸ்க்ரூ எதுவும் தளரவும் இல்லை. கடைசி நாள் வேலைக்குக் கூலி வாங்காமல் அனுப்பிவிட்டீர்கள். அடுத்த முறை வரும்போது கல்லாவில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். மேலே சொன்ன எல்லாருக்கும் படகில் இடம் உண்டு, குடும்பத்தோடு வாருங்கள். வடகிழக்கு மழை மாசங்கள் மட்டும் வேண்டாம், கடல் சரியாக இருக்காது. மாசி, பங்குனி நல்ல காலம். வருவதற்கு முன் ஒரு போன் போதும்.

நன்றியுடன்,
ஹேட்ச் மூடியைத் தூக்கிக்கொண்டு அலைந்த சேலத்துக்காரன்
(மச்சான் சார்பிலும்)